தெத்துப்பல்லும் ஆவணி முகூர்த்தமும்

தம்பி,

சுகமாக இருக்கிறாய் என்று நேற்றுத்தான் தொலைபேசியில் சொன்னாய். அதனால் அதை மறுபடி கேட்டு மையை வீணாக்கவில்லை. இங்கே நாங்களும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் நோ, எனக்கு அம்மாவின் பேச்சு. இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையாம். கொழும்பிலிருந்து நீ எடுக்கிறபோதெல்லாம் "சொல்லுங்கோ அப்பா, கெதியாச் சொல்லுங்கோ" என்கிறாய். கெதியாகச் சொல் என்று அவசரப்படுத்தினால் எனக்கு ஒன்றும் வாயில் வராது, சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். சிரித்துவிட்டு வைக்கிற விசயம் இல்லை இது. ஓ.எல். சோதனையில் கணக்கோடு சேர்த்துத் தமிழிலும் தடுமாறியவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உனக்கு எழுதினாலும் இது ஒளித்து வைக்கிற கடிதம் இல்லை. கலியாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற யாரும் வாசிக்கட்டும். வாசித்து என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சரி, அதற்கு எங்கள் முரசுமோட்டையில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

நீ பல் வைத்தியனான நாளிலிருந்து உன் கண் மனிதரின் முகத்துக்குப் போவதில்லை, நேரே வாய்க்குத்தான் போகிறது. சென்ற முறை நீ வந்து நின்றபோது பக்கத்து வளவில் செத்தவீடு. சனமெல்லாம் குழறி அழுகிறது. நீ என் காதுக்குள், "அந்த அழுகிற மாமாவுக்குக் கீழ்த்தாடை முன்னுக்கு நிக்குது அப்பா, சின்னனிலேயே பாத்திருக்கலாம்" என்றாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் துக்கம் தாங்காமல் அழுவதாக நினைத்து முதுகைத் தடவினார்கள். உன் முதல் நோயாளியும் நான்தானே. படிக்கிற காலத்தில் லீவுக்கு வந்து, குசினிக் கதிரையில் என்னை இருத்தி, பல்லின் அச்செடுக்க வேண்டும் என்று களி மாதிரி ஒரு பசையை வாய் நிறைய அப்பினாய். மூச்சு முட்டி நான் கையையும் காலையும் உதற, "மூக்கால இழுங்கோ அப்பா" என்கிறாய் நீ. வாசலில் நின்ற அம்மா, "ஒரு கிழமைக்கு அப்பிடியே விடு தம்பி, வீடு அமைதியாக் கிடக்கும்" என்றாள். அச்சில் என் மேல்வாய் வந்தது, மேலே பல் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் மேடு. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பல்லைப் பற்றி யார் யோசித்தது? நீ அந்த மேட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாய். பிறகு செய்து தந்த பொய்ப்பல்லோடுதான் இன்றைக்கும் சோறு தின்கிறேன். அதனால் உன் படிப்பைக் குறைவாகச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை, அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

மேற்படிப்புக்கு நீ கொழும்புக்குப் போனபிறகு, "பல்லை இடம் மாற்றுகிற படிப்பு" என்று சந்தித் தேத்தண்ணிக் கடையில் நான்தான் பறை அடித்தேன். என் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் சின்ராசா அண்ணைக்கு அது பிடிபடவில்லை.

"பல்லுப் புடுங்கிறதுக்கு எதுக்கடா இவ்வளவு படிப்பு?" என்றார்.

"புடுங்கிறதில்லை அண்ணை, இடம் அரக்கிறது. பல்லு எலும்பில ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறேல்லையாம். நடுவில மெல்லிய நார் கிடக்காம். மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தா முன்னுக்கு இருக்கிற எலும்பு கரையுமாம், பின்னுக்குப் புது எலும்பு வளருமாம். கரைக்க ஒரு கூட்டம், கட்ட ஒரு கூட்டம் உள்ளுக்கே வேலை செய்யுதாம்."

"எனக்கு விளங்கேல்லை."

"எங்கட வரம்பு மாதிரி அண்ணை. ஒவ்வொரு போகமும் தன்ரை பக்கத்தில ஒரு சீவு சீவி மற்றப் பக்கத்தில அப்பிக்கொண்டு வந்தா, வரம்பு ஒருத்தருக்கும் தெரியாமல் அடுத்தவன்ரை வயலுக்குள்ள போயிடுமெல்லே?"

சின்ராசா அண்ணை கிளாசைக் கீழே வைத்தார். "நீ இப்ப ஆரைச் சொல்லுறாய்?"

சத்தியமாக நான் பல்லைத்தான் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததில் அவர் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நாள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த போகத்துக்கு வயலில் இறங்கினபோது வரம்பு என் பக்கத்திலிருந்து கொஞ்சம் விலகித் தன் பழைய இடத்துக்குப் போய் நின்றது. உன் விஞ்ஞானத்தால் இந்தக் குடும்பத்துக்கு வந்த முதல் இலாபம் அது. அந்த உதாரணம் முழுக்கச் சரியில்லை என்று நீ பிறகு விளக்கினாய். இலாபம் வந்தபடியால் நான் அதை மாற்றவில்லை.

போன காலபோக விதைப்புக்கு வந்தபோது நீ என்னோடு வரம்பில் இருந்து உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாய். பல் நகர வருடக்கணக்காகிறது, அதைக் கெதிப்படுத்த முடியுமா என்றுதான் இப்போது பல நாட்டிலும் தேடுகிறார்களாம். வாய்க்குள் அதிர்கிற கருவி வைத்துப் பார்க்கிறார்கள், பல்லைச் சுற்றியிருக்கிற முரசுக்குள்ளால் எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டுப் பார்க்கிறார்கள், ஒளி பாய்ச்சிப் பார்க்கிறார்கள். உன் வேலை, அப்படிப் பார்த்தவர்கள் எழுதினதையெல்லாம் தேடி எடுத்து, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரிப்பது. "அப்ப எது நல்லதாம்?" என்று கேட்டேன். "சிலர் தொடக்கத்தில கொஞ்சம் கெதி எண்டுறாங்கள், சிலர் ஒண்டுமில்லை எண்டுறாங்கள். நம்பிச் சொல்ல இன்னும் ஒண்டும் இல்லையப்பா" என்றாய். கூடத் தள்ளினால் கெதியாகப் போகாதா என்று கேட்டதற்கு, அளவுக்கு மிஞ்சித் தள்ளினால் அந்த இடத்து நார் நசிந்து செத்துப்போகும், பல் நின்ற இடத்திலேயே நிற்கும், வேரும் தேயலாம் என்றாய். நான் அதை வாழ்க்கைக்கு உதாரணமாக்கி உனக்குப் புத்தி சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிற அப்பாமாரைக் கண்டால் எனக்கே கொட்டாவி வரும். நீ சொன்னதை நீ மறந்துவிட்டாய் என்று மட்டும் சொல்கிறேன்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் மாசியில் மல்லாவியில் பெண் வீட்டில் உங்கள் கலியாண எழுத்து நடந்தது. பதிவாளர் முன்னால் நீயும் நிரோசாவும் கையெழுத்து வைத்தீர்கள். சட்டப்படி புருசன் பெண்சாதி. தாலி கட்டு ஆவணியில், அதுவரை அவள் தன் தாய் தகப்பனோடு. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற முறைதான். ஆனால் இந்த எழுத்துக்கும் தாலிக்கும் இடைப்பட்ட மாதங்கள் ஒரு விசித்திரமான காலம் தம்பி. பிள்ளை அவர்களுடையதா எங்களுடையதா என்று இரண்டு வீட்டுக்கும் தெரியாது. தெரியாதபடியால் இரண்டு வீடும் உரிமை எடுக்கும். நீயும் எடுத்தாய். எழுத்தன்று எடுத்த படத்தைக் கம்பியூட்டருக்குள் போட்டு, அவளுடைய தெத்துப்பல்லை இறக்கி, வரிசையாக்கி, "இப்பிடி வருவீர்" என்று அவளுக்கு அனுப்பினாய். இடம் எடுக்க ஒரு நல்ல பல்லைக் கழற்ற வேண்டும், எலும்பில் துளை போட்டால் கெதியாகலாம், இப்போதே தொடங்கினால் கலியாணப் படத்துக்குக் கொஞ்சமாவது வித்தியாசம் தெரியும் என்று கூட எழுதினாய். நம்பிச் சொல்ல ஒன்றும் இல்லை என்று வரம்பில் இருந்து சொன்னவனும் நீதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சம்பந்தி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, கலியாணக் காட் அடிக்கக் குடுக்க வேண்டாம் எண்டு பிள்ளை சொல்லுறா. ஏன் எண்டு கேட்டா வாய் திறக்கிறாவில்லை" என்றார். உன்னிடம் கேட்டேன். "சின்ன விசயம் அப்பா, பல்லுக்குக் கம்பி போடப் பயப்பிடுறா" என்றாய். அம்மா அன்றைக்குப் புட்டில் உப்புப் போட மறந்தாள். நான் அதைத் தின்றுவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

இனி வருகிறது உன் அப்பாவின் கெட்டித்தனம். மாங்குளம் தாண்டும்வரை என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே போனேன். உன்னைத் திருத்தப் போகிறேன், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் போகிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்து போனது. ஒரு வாழைக்குலையும் வாங்கிக் கட்டினேன். நான் போனபோது நிரோசா தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால் வந்து சேலை கூட மாற்றவில்லை. "வாங்கோ மாமா" என்று சிரித்தாள். சிரிக்கிறபோது கை தானாக எழும்பி வாயை மூடியது. தம்பி, அந்தக் கையை நான் முன்பு கண்டதில்லை. நீ இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்கப் போன அன்று, பின்னேரம் அம்மாவிடம் எவ்வளவு நேரம் கதைத்தாய்! பிள்ளைகள் பயந்து அழ, "முதல் ரீச்சர் இருக்கிறன்" என்று அவள் கதிரையில் ஏறி வாயைத் திறந்தாளாம். "ரீச்சரின்ரை பல்லு மற்றப் பல்லுக்கு மேல ஏறி நிக்குது!" என்று ஒரு வாண்டு கத்த, திறந்த வாயோடு அவள் சிரித்த சிரிப்பில் உன் கையிலிருந்த, வாய் பார்க்கிற கண்ணாடி விழுந்துவிட்டதாம். விழுந்தது கண்ணாடி மட்டுமில்லை என்று அம்மா அன்றைக்கே எனக்குச் சொன்னாள்.

விறாந்தையில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினேன்.

"பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாதை. தெத்துப்பல்லு வீட்டுக்கு அதிர்ஷ்டம். அதிலை கை வைக்க நான் விடமாட்டன். எழுத்து முடிஞ்சுது, நீ இனி எங்கட பிள்ளை. அவனுக்கு நான் சொல்லிப்போட்டன் எண்டு வை."

அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நான் முகத்தை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"மாமா, கோவிக்காதேங்கோ. அவர் பல்லை இறக்கோணும் எண்டுறார். நீங்கள் இறக்கக்கூடாது எண்டுறீங்கள். என்ரை வாய்க்கு நீங்கள் ரெண்டு பேரும் வழக்காடுறீங்கள். நான் எழுத்தில கையெழுத்துத்தான் வைச்சனான், வாயை எழுதிக் குடுக்கேல்லை."

உள்ளேயிருந்து அவளுடைய தாய், "பிள்ளை! மாமாவோட கதைக்கிற கதையே இது?" என்று பதறினார். எனக்குத் தேத்தண்ணி வேறு வழியால் போய், நீ செய்து தந்த பொய்ப்பல் கழன்று கிளாசுக்குள் விழுந்தது. பெரிய மனிதனாகப் போனவன் வெறும் வாயோடு இருந்தேன். அவள் குனிந்து சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நான் என்ன செய்யோணும் பிள்ளை?" என்றேன், பல்லைக் கழுவிப் போட்டுக்கொண்டு.

"ஒண்டும் செய்ய வேண்டாம் மாமா. நான் சொல்லுறதைக் கேளுங்கோ, அது காணும்."

கேட்டேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, உனக்குத் தெரியும். நான் கேள்வி கேட்டால் பதிலையும் நானே சொல்லிவிடுகிறவன். அன்றைக்கு வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சின்ன வகுப்பில் அவளைத் தெத்துப்பல்லி என்று கூப்பிட்டார்களாம். அழுதாளாம். வளர வளர அது மறந்துவிட்டதாம். அந்தப் பல்லுக்குப் பின்னால் பிரஷ் போகாது, முரசில் சில நேரம் இரத்தம் வரும், அதைச் சரிசெய்தால் நல்லது என்று அவளுக்கும் தெரியுமாம். அவள் ஒன்றும் தெரியாத பிள்ளை இல்லை. நீ சொன்னதையெல்லாம் தேடி வாசித்திருக்கிறாள். பல்லை இறக்கினாலும் அது பழைய இடத்துக்குத் திரும்பத்தான் பார்க்குமாம், கம்பி கழற்றினபிறகும் வருடக்கணக்காக ஒரு பிடிப்புப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டுமாம் என்று எனக்கே விளக்கினாள். "அதைப் போடப்போறது நான்தானே மாமா?" என்றாள். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

பிறகு தொலைபேசியை எடுத்து நீ அனுப்பிய படத்தைக் காட்டினாள். குறை சொல்ல ஏலாது தம்பி, கெட்டிக்காரக் கம்பியூட்டர்தான். வடிவான படம்.

"இதில இருக்கிறவ வடிவுதான் மாமா. ஆனா ஆர் எண்டு எனக்குத் தெரியேல்லை. அவர் இவவைத்தான் ஆவணியில கட்ட நிக்கிறாரோ எண்டு யோசிச்சன். அதுக்குப் பிறகு வகுப்பில சிரிக்கேக்கையும் கை வாய்க்குப் போகுது. பிள்ளையள் கேக்குதுகள், 'ரீச்சர், பல்லுக் குத்துதோ?' எண்டு."

 உனக்காக ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும் என்று ஒன்று சொன்னேன். அதை உனக்கும் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது உனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. மருந்தெடுக்கப் போனால் வரிசை முடிகிறதில்லை. கிராம்பு தேடினோம், கிடைக்கவில்லை. நீ சத்தம் போடவில்லை. என் சேட்டுத் துணியின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு என் மடியில் கிடந்தாய். வளர்ந்த பெடியன், பதினாலு வயது. அந்தச் சேட்டில் ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து உனக்கு ஒரு வாயைக் கண்டால் அதில் பிழையாக இருப்பதைச் சரிசெய்யாமல் இருக்க முடியாது. மற்றவர்கள் அதை வடிவு பார்க்கிற குணம் என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருத்தருக்கும் நோகக்கூடாது என்று நினைக்கிற மனம் அது. உன் மனிசிக்கு இன்னும் கூட நினைக்கிறாய். இதை நான் அவளிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. "இதை அவர் எனக்குச் சொல்லேல்லை மாமா" என்றாள். ஏன் சொல்லவில்லை தம்பி? துளை போடுகிற கதையெல்லாம் எழுதத் தெரிந்த உனக்கு இது எழுத வரவில்லையா?

நான் வெளிக்கிடும்போது அவள் படலைவரை வந்தாள். அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவர் வந்து என்னட்டக் கேக்கட்டும் மாமா. போனில வேண்டாம். என்னோட கதைக்கட்டும், பல்லோட கதைக்க வேண்டாம். கேட்டா நான் சொல்லுவன். ஆவணி எண்டா ஆவணிதான். கேக்காட்டி..."  வைத்த கையெழுத்தை அழிப்பது எவ்வளவு கரைச்சல் என்று அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கரைச்சல் என்பதற்காக அவள் பேசாமல் இருந்துவிடுவாள் என்று மட்டும் எண்ணாதே. என்னைப் பொய்ப்பல் விழ வைத்த பிள்ளை அது.

இன்னொன்று. தன் பல்லை என்ன செய்யப் போகிறாள் என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். எனக்குச் சொன்னாள். நல்லாய் யோசித்துத்தான் எடுத்திருக்கிறாள். அதை நான் இதில் எழுதப் போவதில்லை. அம்மாவுக்கே சொல்லவில்லை. அம்மா எனக்குப் பிடித்த நண்டுக்கறி வைத்துப் பார்த்தாள், பிறகு கோபித்துப் பார்த்தாள், நான் அசையவில்லை. இந்த வீட்டில் நான் ஒரு விசயத்தைச் சொல்லாமல் வைத்திருப்பதை அம்மா உடம்புக்கு வருத்தம் ஏதும் வந்துவிட்டதோ என்று பார்க்கிறாள். அது என்னுடைய விசயம் இல்லை என்பதால் அடக்க முடிகிறது. நான் சொன்னால் நீ பதிலைத் தெரிந்துகொண்டு கேட்பாய். தெரிந்துகொண்டு கேட்பது கேட்பது இல்லை.

ஆகவே இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறு. மாங்குளத்தில் இறங்கினால் மல்லாவிக்கு அடுத்த பஸ் வரும். நாங்கள் ஒருவரும் வரமாட்டோம், சம்பந்தி வீட்டிலும் சொல்லிவிட்டேன், இரண்டு பேரையும் தனிய விடுவார்கள். நீ பயப்படுவாய். பயப்படு, நல்லது. எழுத்தன்று பேனையைப் பிடித்தபோது கூட நீ பயப்படவில்லை, அதுதான் எனக்கு அன்றைக்கே கொஞ்சம் யோசனையாக இருந்தது. முகாமில் பல் வலித்த கதையை முதலில் அவளுக்குச் சொல். அதற்குப் பிறகு கேள், "உமக்கு என்ன விருப்பம்?" என்று. கேட்டபிறகு ஒன்றும் விளக்காதே. அவள் உடனே சொல்லமாட்டாள், தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் உனக்கு வாய் துடிக்கும். பொறு. அவள் சொல்லத் தொடங்கும்போது கை வாய்க்குப் போகாவிட்டால், உங்கள் கலியாணம் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அன்பு குறையாத,
அப்பா